ரந்தாவ் சாலையில் ஒரு தகரப் பெட்டி



சிரம்பான் பட்டணத்திலிருந்து ரந்தாவ் போகும் சாலையில் நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களில் பலர் இப்போது நெடுஞ்சாலையில் பறந்துவிடுகிறார்கள். இன்று ஒரு நாள் மட்டும் பழைய சாலையில் என்னோடு வாருங்கள். அவசரம் வேண்டாம். வழியில் ஒரு தோட்டத்தில் இறங்கி, ஒரு மூதாட்டியின் வீட்டில் ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டு, மாலையில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நின்றன. விடியற்காலையில் போனால் மரத்துக்கு மரம் நெற்றி விளக்கின் வெளிச்சம் நகர்வது தெரியும். இன்று பெரும்பாலும் செம்பனை. அதையும் விட்டால் புதிய வீடமைப்புத் திட்டங்கள், தொழிற்பேட்டைகள். ஆனாலும் ஒரு வளைவில் சின்னதாய் ஒரு மாரியம்மன் கோயில், அதன் பின்னே ஒரு தமிழ்ப் பள்ளி, அதற்கும் பின்னே இரண்டு வரிசை லயம் என்று எங்கேனும் பழைய தோட்டம் எட்டிப் பார்க்கும். நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு தோட்டத்தில்தான். அதன் பெயர் இங்கே வேண்டாம். கைமாறிக் கைமாறி அதற்கே இப்போது வேறு பெயர்.

பெரியம்மாவின் வீடு

லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறார் பெரியம்மா. எனக்கு இரத்த உறவு இல்லை. எங்கள் அடுத்த வீட்டுக்காரர். என்னைத் தூக்கி வளர்த்தவர், அதனால் பெரியம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார். பால்வெட்டும் காண்டாவும் தோளில் வைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தமில்லை.

"வாய்யா, பசியாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே தேநீர் கலக்கப் போய்விடுவார். அதற்குள் கட்டிலுக்கு அடியிலிருக்கும் தகரப் பெட்டியை நான் இழுத்து வெளியே வைத்துவிடுவேன். அவருக்கும் அதில் ஒரு மகிழ்ச்சி. அந்தப் பெட்டியில் நகையில்லை. எல்லாம் காகிதம். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் கதை அந்தக் காகிதங்களில் இருக்கிறது.

பெரியம்மாவின் பெற்றோர் நாமக்கல் பக்கத்துக்காரர்கள். 1937-இல் கைக்குழந்தையான மகனோடு கப்பலேறி வந்தவர்கள். கங்காணி கூட்டிவந்தார். வழிச்செலவு கொடுத்து ஆளெடுக்கும் முறையை இந்திய அரசாங்கம் அடுத்த ஆண்டே, 1938-இல், நிறுத்திவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், தகப்பனாரைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு இதே தோட்டத்து லயத்தில் பெரியம்மா பிறந்தார். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த நேரம். பிறப்பைப் போய்ப் பதிய யாருக்குத் தோன்றும்? பதியவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

முதல் வேலி

பெட்டியில் முதலில் கிடைப்பது அவருடைய தாயாரின் பழைய அடையாளக் கார்டு. படமும் பெருவிரல் ரேகையும் உள்ள காகிதம். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் படையினரையும் ஊரில் இருந்த மக்களையும் பிரித்தறிய 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்து கார்டு கொடுத்தார்கள். இன்று நாம் பையில் வைத்திருக்கும் மைகார்டுக்கு மூதாதை அதுதான்.

அந்தக் கார்டு படுத்திய பாடு கொஞ்சமல்ல. கார்டு இல்லாமல் நடமாடினால் போலீஸ் பிடிக்கும். காட்டிலிருந்து வந்தவர்களோ தோட்டங்களில் புகுந்து கார்டுகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். இரண்டு பக்கமும் இடி! 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த சீனர்களைப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கம்பிவேலி போட்டார்கள்.

பெரியம்மாவுக்கு அப்போது ஆறேழு வயது. "காலையிலே கேட்டுல நிப்போம். சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாப்பாங்க. வேலைக்காட்டுக்கு அரிசி ஒரு பிடி போகக் கூடாது. கடையிலே டின்னு வாங்குனா அங்கேயே ஓட்டை போட்டுக் குடுத்துடுவாங்க, சேத்து வச்சிக் காட்டுக்குக் குடுக்க முடியாம. அம்மா பசியோட மரம் சீவிட்டு வரும்" என்கிறார். அரசாங்கத்துக்கு அது பாதுகாப்பு. நாட்டைக் காக்க வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் பாரம் வேலிக்குள் இருந்த ஏழையின் வயிற்றின் மேல்தான் விழுந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. வேலியை எடுத்துவிட்டார்கள். கார்டு நிலைத்துவிட்டது.

"ஊருக்குத்தான் போகப்போறோம்"

இடையில் 1957 ஆகஸ்டு 31 வந்தது. சுதந்திரம்! அன்றும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்த பிள்ளைகள் சட்டப்படி குடிமக்கள். (பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1962-இல் வந்தது.) அதற்கு முன் பிறந்தவர்களும் குடியேறியவர்களும் மனுச் செய்ய வேண்டும். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வுகூட வேண்டாம் என்று சலுகை தந்தார்கள். தொழிற்சங்கத்தினரும் கட்சிக்காரர்களும் தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னார்கள். மனுச் செய்தவர்கள் பிழைத்தார்கள்.

பெரியம்மாவின் தாயார் செய்யவில்லை. கைநாட்டுப் போடும் விதவை. 21 வயது மகனும் செய்யவில்லை. "ரெண்டு வருஷத்துல ஊருக்குத்தான் போகப்போறோம், எதுக்கு இந்தக் காகிதம்?" என்றாராம். வாசகர்களே, இந்த ஒரு வாக்கியத்தால் நம்மவர்களில் எத்தனை குடும்பங்கள் தடுமாறின என்று கணக்கெடுத்தால் மனம் தாங்காது. அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுச் சிரம்பானுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டுமே! இரண்டு ஆண்டு பன்னிரண்டு ஆண்டாகிவிட்டது.

1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். குடிமக்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது அரசின் நோக்கம். ஆனால் முப்பது நாற்பது ஆண்டாக இங்கேயே மரம் சீவியவர்கள் ஒரே நாளில் "அந்நியர்" வரிசையில் நின்றார்கள். சுமார் 60,000 பேர் அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. கைக்குழந்தையாய் வந்தவர், 1970-இல் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குத் திரும்பினார். தெரியாத ஊருக்குப் போவதைத் "திரும்புவது" என்று சொன்னார்கள். பெட்டியில் அவர் எழுதிய ஏழு கடிதங்கள் இருக்கின்றன. ஏழாவதுக்குப் பிறகு கடிதம் இல்லை.

ஒரு வீட்டில் இரண்டு நிறம்

அடையாளக் கார்டுக்கு நிறம் வந்த பிறகு கதை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. குடிமக்களுக்கு நீலம். நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. தற்காலிகவாசிகளுக்குப் பச்சை. பெரியம்மாவின் கணவருக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம். இந்த மண்ணிலேயே பிறந்த அவருக்குச் சிவப்பு. ஏன்? பிறந்ததற்குச் சான்று இல்லை. தோட்டத்துச் செக்குரோல் புத்தகங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது எங்கே போயினவோ. "நீ இங்கே பிறந்தாய்" என்று சத்தியம் செய்யக்கூடிய மருத்துவச்சி, கங்காணி யாரும் உயிரோடில்லை.

நாலைந்து முறை மனுப் போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைந்தது. 2011 பிப்ரவரியில் அரசாங்கம் மைடாஃப்தார் என்று இந்தியர்களுக்கான பதிவு இயக்கம் நடத்தியபோதும் போனார். 60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று 2018-இல் அறிவிப்பு வந்தபோது, நாங்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் என்று நம்பினோம். இல்லை.

1959 முதல் 2022 வரை நடந்த 15 பொதுத்தேர்தல்களில் ஒன்றில்கூட அவர் ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டுப் போடப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. "எல்லாரும் விரல்ல மையோட வந்து காட்டுவாங்க. நல்லா இருக்கும் பாக்க" என்பார். குறையாகச் சொல்வதில்லை. அதுதான் கேட்கிறவனுக்குக் குறையாக இருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம்

தேநீர் குடித்தாயிற்று. இனி கடலுக்குப் போவோம். சிலியாவ், லுக்குட் தாண்டி போர்ட்டிக்சன். அங்கிருந்து கரையோரமாகப் பத்து மைல் தெற்கே போனால் தஞ்சோங் துவான். பழைய கலங்கரை விளக்கம் உள்ள குன்று அது. நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் சட்டப்படி மலாக்காவுக்குச் சொந்தமான துண்டு நிலம். மேலே ஏறி நின்றால் மலாக்கா நீரிணை விரிந்து கிடக்கிறது. எதிரே சுமத்திரா கரையோரத்து ரூப்பாட் தீவு. இடையே சுமார் 38 கிலோமீட்டர்தான். தெளிவான நாளில் மங்கலாக ஒரு கோடு தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பருந்துக் கூட்டங்கள் அங்கிருந்து பறந்து வந்து இந்தக் குன்றின் மேல் வட்டமிட்டு வடக்கே போகும். அவற்றைப் பார்க்கவே மக்கள் கூடுகிறார்கள்.

அதே கடலில்தான் இரவில் படகுகளும் வந்தன. நம்மவர்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன 1970-களில், ஆளில்லாத தோட்டங்களுக்குக் குத்தகைக்காரர்கள் இந்தோனேசியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பலருக்குக் காகிதம் இல்லை. 1984-இல் இரு அரசுகளும் மேடானில் ஓர் உடன்பாடு செய்து, ஆள் வரும் வழியை முறைப்படுத்தப் பார்த்தன. 1989-இல் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். 1991 டிசம்பரில் கடல் வழியை அடைக்க முதலாவது ஓப்ஸ் ஞா, 1992 ஜூலையில் உள்ளே இருப்பவர்களைப் பிடிக்க இரண்டாவது. 2002-இல் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது. அனுமதியின்றி நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. 2011-இல் விரல்ரேகைப் பதிவோடு 6பி திட்டம். 2020-இல் மறுசீரமைப்புத் திட்டம். 2025 ஜனவரி முதல் நுழைவாயில்களைக் கவனிக்கத் தனி எல்லைக் காவல் நிறுவனம்.

பதிவு, மன்னிப்பு, பிடிப்பு, மீண்டும் பதிவு என்று இந்தச் சக்கரம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? காரணம் எளிது. செம்பனைக் குலை பழுத்தால் காத்திருக்காது. ஆள் வேண்டும். முறையாக ஆள் வரச் செலவும் நாளும் ஆகும். இடையில் தரகன் புகுந்துகொள்கிறான். முறையாக வந்தவன்கூட, முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் மறுநாள் சட்டவிரோதி. பிடிபட்டால் சிரம்பானுக்கு வடக்கே லெங்கேங்கில் உள்ள தடுப்பு முகாம் போன்ற இடத்துக்குப் போவது அவன்தான், தரகன் அல்ல. அந்த முகாமில் 2008 ஏப்ரலில் மியன்மார்க்காரர்கள் கலவரம் செய்து கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றாம் நாட்டில் குடியேறும் விண்ணப்பம் கைவிட்டுப் போன ஏமாற்றம் என்று அப்போது செய்தி வந்தது.

அரசு எல்லையைக் காக்காமல் இருக்க முடியாது. யார் வருகிறார்கள், யார் ஆள் கடத்துகிறார்கள் என்று தெரியாத நாடு நாடாக இராது. இரவுப் படகு கவிழ்ந்து எத்தனை உயிர்கள் இந்தக் கடலில் போயின! கணக்கில் வராத தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் கேட்க நாதியில்லை. குறைந்த கூலிக்கு அவர்களை வைத்து நம்மவர் கூலியையும் இறக்கினார்கள். "அவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்று தோட்டத்தில் பேசுவது இதனால்தான். ஆனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதும், துண்டு போட்டதும், மனை போட்டு விற்றதும் படகில் வந்தவனா? அதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்த வீட்டுப் பையன்

பெரியம்மாவின் லயத்தில் எங்கள் பழைய வீட்டில் இப்போது லொம்போக் தீவிலிருந்து வந்த நாலு பையன்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பெரியம்மா மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "நேனெக்" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு முறை விடியற்காலையில் சோதனை வந்தது. ஒவ்வொரு வீடாகத் தட்டினார்கள். பெரியம்மாவிடமும் கார்டு கேட்டார்கள். சிவப்பைப் பார்த்துவிட்டு இளம் அதிகாரி, "நேனெக், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டாராம். "உன் தாத்தாவைக் கேளு, அவருக்கு முன்னாலேருந்து" என்றாராம் இவர். அந்தப் பிள்ளை சிரித்து, இரண்டு கையாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்தாராம். "நல்ல புள்ளை. அதுக்கு அது வேலை" என்கிறார் பெரியம்மா.

சிரிப்போடு முடியாத ஒன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. பெரியம்மாவின் பேரன் நீலக் கார்டுக்காரன். அவன் கட்டிக்கொண்டது மேடானிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணை. அவளும் தமிழ்ப் பெண்தான். சுமத்திராவின் டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் போன நம்மவர்களின் வாரிசு. கோயிலில் தாலி கட்டினார்கள். பதியவில்லை. அவள் பெர்மிட் காலாவதியாகியிருந்தது, பதியப் போனால் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். பிள்ளை பிறந்தது. பதிவுத் திருமணம் இல்லாததால், தகப்பன் குடிமகனாக இருந்தும், சட்டம் பிள்ளையைத் தாயோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. இங்கே பிறந்த பிள்ளை இங்கே அந்நியன்! இன்று அவனுக்கு ஆறு வயது. தலைமையாசிரியர் ஒருவரின் முயற்சியால் பள்ளியில் இடம் கிடைத்தது. அரசமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். வயது வரம்பைத் தாண்டுமுன் விடை வந்தாக வேண்டும்.

எண்பது ஆண்டுக்கு முன் பெரியம்மாவுக்கு நடந்தது கொள்ளுப்பேரனுக்கும் நடந்துவிடுமோ என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

நீங்கள் செய்ய வேண்டியது

வாசகர்களே, இந்தப் பயணத்திலிருந்து வீட்டுக்கு நாலு செய்தி கொண்டுபோங்கள்.

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். பெயருக்கு நல்ல எழுத்துத் தேடி நாளைக் கடத்தாதீர்கள்.

முஸ்லிம் அல்லாதவர் திருமணங்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. தாலி கட்டுவது நமது பண்பாடு. பதிவது பிள்ளையின் உரிமை. இரண்டையும் செய்யுங்கள்.

12 வயதானதும் அடையாளக் கார்டு எடுங்கள், 18-இல் மாற்றுங்கள்.

வீட்டில் சிவப்புக் கார்டு, பச்சைக் கார்டு யாருக்காவது இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நன்மை செய்தது. அதே திருத்தம் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுக்கிறது. ஆகவே சிவப்புக் கார்டு இனி அடுத்த தலைமுறையையும் தொடும்.

பள்ளிப் பழைய பதிவு, மருத்துவமனைச் சீட்டு, தொழிற்சங்க ரசீது எதையும் எறியாதீர்கள். பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் ஒரு நாள் லீவு எடுத்து அவரைப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போங்கள். 1957-இல் பெரியம்மாவின் தாயாரை அப்படி ஒருவர் கூட்டிப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. மறுபடி தோட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். காலையில் பார்த்த பெட்டியைப் பெரியம்மா இன்னும் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. அண்ணனின் கடிதங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, நடுவில் இடம் பண்ணி, கொள்ளுப்பேரனின் பிறப்புப் பத்திரத்தையும் பள்ளி அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறை ஒரு காகிதம்கூடக் குறையக் கூடாது தம்பி" என்றார். "திங்கக்கிழமை எங்களைச் சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

திங்கட்கிழமை லீவுக்குச் சொல்லிவிட்டேன்.